ட்ரூபல்: 13 வருடமாகச் சோறு போடும் மென்பொருள்

என் சித்தி மகன் இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தான். இரண்டு மாதம் முன்பு போன் செய்து, “அக்கா, ட்ரூபல் படிச்சா பொழைச்சுக்கலாமா?” என்று கேட்டான். பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பிழைத்திருக்கிறேன். ஆனால் எப்படி என்று சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. அவனுக்கும், அவனைப் போல யோசிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மதிப்புரை.

ட்ரூபலில் என்னென்ன வசதிகள் உண்டு என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியுமா, எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ட்ரூபல் வலைத்தளம் கட்டவும் நடத்தவும் உதவும் திறந்த மூல மென்பொருள், பி.எச்.பி. மொழியில் எழுதியது. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டார்ட், விடுதி நண்பர்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ள ஒரு சின்னத் தளம் எழுதினார். பிறகு அதை வெளியே கொண்டுவர, டச்சு மொழியில் கிராமம் என்று பொருள்படும் ‘டோர்ப்’ என்ற பெயரில் முகவரி பதியப் போய், எழுத்து இடம் மாறி அது ‘ட்ராப்’ ஆகிவிட்டது. துளி. துளிக்கு டச்சில் உள்ள சொல்லிலிருந்து ட்ரூபல் என்ற பெயர் வந்தது. 2001 ஜனவரியில் முதல் வெளியீடு. விலை கிடையாது. ஜி.பி.எல். உரிமம் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைக் கொடுக்கலாம்.

நான் 2012 ஜூனில் சென்னை பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். திருச்சியில் எம்.சி.ஏ. முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தபின் கிடைத்த வேலை. மாதம் 11,000 ரூபாய். முதல் வாரம் ஒரு கல்லூரித் தளம் கொடுத்தார்கள். 22 துறைகள், முன்னூறுக்கு மேல் ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதுவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழுத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “பக்கம் எழுதாதம்மா. ஆசிரியர்னா என்ன என்னன்னு அதுகிட்ட சொல்லு” என்றார். பெயர், துறை, படிப்பு, படம், சேர்ந்த வருடம் என்று ஐந்து ஃபீல்டு. ‘ஆசிரியர்’ என்று ஒரு உள்ளடக்க வகை தயார். பிறகு வியூஸ் என்ற மாட்யூலில் (ட்ரூபலோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) துறைவாரியாகப் பிரி, பெயர் வரிசையில் அடுக்கு என்று சொன்னதும் 22 துறைப் பக்கங்களும் தாமாக நின்றன. ஒருவர் துறை மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

ட்ரூபல் மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்தப் பிற்பகலில்தான். இன்றைக்கும் கிளையன்ட்டோடு முதல் நாள் பேசும்போது நான் நிறத்தையும் படத்தையும் பற்றிக் கேட்பதில்லை. உங்களிடம் என்னென்ன பொருள் இருக்கிறது, எது எதோடு சேரும் என்றுதான் கேட்கிறேன். எனக்குக் கிடைக்கும் சம்பளத்தில் பாதி இந்தக் கேள்விக்குத்தான்.

பிழைப்பு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ட்ரூபல் உலகத்தில் மாட்யூல் விற்றுக் காசு பார்க்கும் வழக்கம் அநேகமாக இல்லை. வேர்ட்பிரஸ் பக்கம் தீம் விற்று, பிளக்இன் விற்று, வருடச் சந்தா வாங்கி வீடு கட்டியவர்கள் உண்டு. இங்கே நீ எழுதும் மாட்யூல் ட்ரூபல் தளத்தில் எல்லாருக்கும் இலவசமாகத்தான் போகும். ஆகவே வருமானம் என்பது நேரம்தான்: கட்டித் தரும் நேரம், பார்த்துக்கொள்ளும் நேரம், பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் நேரம். இந்த மூன்றில் புதிதாகக் கட்டுவது எனக்குக் கொடுத்தது மிகக் குறைவு. மற்ற இரண்டும்தான் சோறு போட்டன. கட்டும் வேலைக்குப் போட்டி அதிகம், விலையும் தரையில் கிடக்கும். பத்து வருடத் தளத்தை உடையாமல் நகர்த்தித் தருபவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களோடு யாரும் பேரம் பேசுவதில்லை.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கு ஒரே ராத்திரியில் புரிந்தது.

2014 அக்டோபர் 15, புதன்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. நம் நேரப்படி இரவு ஒன்பதரை மணி வாக்கில் ட்ரூபல் 7.32 வெளியானது. கூடவே பாதுகாப்பு அறிவிப்பு. டேட்டாபேஸுக்குக் கேள்வி அனுப்பும் இடத்திலேயே ஓட்டை. லாகின் கூட இல்லாமல் வெளியிலிருந்து யாரும் உள்ளே புகுந்து எதையும் செய்யலாம். நான் வேளச்சேரியில் விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழுத் தலைவர் போன் செய்தார். “லேப்டாப் கையில இருக்காம்மா? காலையில பார்த்துக்கலாம்னு விடக் கூடாது. இப்பவே உட்காரு.”

திருத்தம் ஒரே ஒரு வரி. பட்டியலைச் சுற்றி வரும் ‘ஃபார் ஈச்’ வரியில், வந்த பட்டியலை அப்படியே எடுக்காமல் ‘அர்ரே வேல்யூஸ்’ என்ற செயல்பாட்டுக்குள் போட்டு எடுக்க வேண்டும். பட்டியலின் மதிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு சாவிப் பெயர்களை உதறிவிடும் செயல்பாடு அது. தாக்குபவர் தன் கட்டளையை ஒளித்து அனுப்புவது அந்தச் சாவிப் பெயரில்தான். எங்கள் கையில் 41 தளங்கள். முழு அப்டேட்டுக்கு நேரமில்லை என்று அந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு தளத்திலும் கையால் மாற்றினோம். நான் 19, அவர் 20. முடிக்கும்போது மணி 2.40.

கணக்குப் பார்த்தால் இரண்டு குறையும். அந்த இரண்டு தளங்களின் சர்வர் பாஸ்வேர்டு கிளையன்ட்டிடம் மட்டும்தான் இருந்தது. இரவு முழுக்கப் போன் எடுக்கவில்லை. காலை பத்து மணிக்குத்தான் கிடைத்தார்கள். உடனே மாற்றினோம், சரி என்று விட்டுவிட்டோம். அக்டோபர் 29-ஆம் தேதி ட்ரூபல் பாதுகாப்புக் குழு இன்னொரு அறிவிப்பு விட்டது. முதல் அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள், அதாவது நம் கணக்கில் 16-ஆம் தேதி அதிகாலை நாலரை மணிக்குள் திருத்தாத தளம் எதுவாக இருந்தாலும் அதற்குள் ஆள் புகுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அந்த இரண்டையும் திறந்து தேடினோம். ஒன்றில் எதுவும் கிடைக்கவில்லை. இன்னொன்றில், எந்த முகவரிக்கு எந்தச் செயல்பாடு ஓட வேண்டும் என்று வைத்திருக்கும் அட்டவணையில் நாங்கள் எழுதாத ஒரு வரி உட்கார்ந்திருந்தது. கோப்பு எழுதும் செயல்பாடு. 16-ஆம் தேதி காலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் கதவைச் சாத்தியது அதற்குப் பிறகு.

இரண்டையும் 14-ஆம் தேதி பேக்கப்பிலிருந்து மீட்டோம். அதற்குப் பின் ஏற்றியிருந்த இரண்டு வாரச் செய்திகளை நான் கையால் மறுபடி தட்டச்சு செய்தேன். அந்த மாதத்திலிருந்து எங்கள் கம்பெனி ஏ.எம்.சி. என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் எந்தத் தளமும் கட்டிக் கொடுத்ததில்லை. எல்லாப் பாஸ்வேர்டும் எங்களிடமும் இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். நான் இன்றும் அதே விதியைத்தான் வைத்திருக்கிறேன்.

ட்ரூபல் பாதுகாப்பு வெளியீடுகள் புதன்கிழமைகளில் வரும். அடிப்படை மென்பொருளுக்கு மாதத்தின் மூன்றாவது புதன் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் அது ராத்திரி வேலை. மூன்றாம் புதன் இரவு நான் ஊருக்குப் பஸ் ஏற மாட்டேன், கல்யாண வரவேற்புக்குப் போனாலும் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். என் மாமியாருக்கே அந்தக் கிழமை மனப்பாடம். “இன்னைக்கு உனக்கு மூணாம் புதனாம்மா?” என்று கேட்டு ஃபிளாஸ்கில் காபி ஊற்றி வைப்பார். இப்படி நாள் குறித்து, காரணம் சொல்லி, திருத்தத்தையும் சேர்த்தே வெளியிடும் ஒழுங்குக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இந்தியாவில் data.gov.in போன்ற அரசுத் தளமே இதில் கட்டப்பட்டது என்றால், அந்த ஒழுங்குக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

காலை வாரிய இடத்தையும் சொல்ல வேண்டும். 2015 நவம்பரில் ட்ரூபல் 8 வந்தது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஹூக் என்ற பழைய முறைச் செயல்பாடுகள் எழுதிப் பழகிய கைக்கு சிம்ஃபொனி (பி.எச்.பி. நிரல் கட்டமைப்பு), ட்விக் (பக்க வார்ப்பு மொழி), யாமல் (அமைப்புக் கோப்பு வடிவம்), கம்போசர் (தேவையான நிரல் தொகுப்புகளை இறக்கித் தரும் கருவி) என்று ஒரே நேரத்தில் நான்கு புது விஷயங்கள். 7-லிருந்து 8-க்கு அப்டேட் என்ற ஒன்று கிடையாது; புதிதாகக் கட்டி உள்ளடக்கத்தை இடம் மாற்ற வேண்டும். சிறிய கிளையன்ட்டுகளுக்கு அந்தச் செலவு தாங்கவில்லை. எங்கள் கம்பெனியிலேயே நாலு பேர் வேர்ட்பிரஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போய்விட்டார்கள். பழைய முறையே போதும் என்றவர்கள் 8 வெளிவரும் முன்பே பேக்டிராப் என்று தனிக் கிளையே தொடங்கிவிட்டிருந்தார்கள். உள்ளே செய்த மாற்றம் சரியானதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற கூலி டெவலப்பர்களும் சின்னக் கிளையன்ட்டுகளும். இதை நான் மறக்கவில்லை.

2016 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் ட்ரூபல்கான் ஆசியா என்ற ட்ரூபல்காரர்கள் மாநாடு நடந்தது. ரயிலில் போனோம். அங்கேதான் முதல் முறையாக இஷ்யூ க்யூவில், அதாவது பிழைகளையும் திருத்தங்களையும் பொதுவில் பதியும் பட்டியலில், கைவைத்தேன். ஒரு விளக்கக் குறிப்பில் இருந்த தவறைத் திருத்தியது, அவ்வளவுதான். ஆனால் என் பெயரில் ஒரு பங்களிப்பு வரவு விழுந்தது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். வேலையை விட்டுத் திருச்சிக்கு, ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டோம்.

இரண்டரை வருட இடைவெளிக்குப் பிறகு 2019-இல் வேலை தேடினேன். ஐந்து இடத்தில் பேசினேன். ஐந்திலும் இடைவெளியைப் பற்றித்தான் கேட்டார்கள். வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சரி, வேலை கொடுக்காவிட்டால் போகட்டும், கை மறக்கக் கூடாது என்று மகள் தூங்கும் மதிய நேரங்களில் இஷ்யூ க்யூவைத் திறந்து உட்கார்ந்தேன்.

என் பிழைப்பே அங்கிருந்துதான் மறுபடி தொடங்கியது என்பதால் அப்போது அனுப்பிய ஒரு பேட்சை, அதாவது திருத்தக் கோப்பை, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பட்டியல்களைப் பக்கம் பிரித்துக் காட்டும் ஒரு சின்ன மாட்யூல். தளத்தின் மொழியைத் தமிழாக்கினாலும் ஐந்தில் இரண்டாம் பக்கம் என்று சொல்லும் வரி மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது. திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. ட்ரூபலில் திரையில் வரும் எந்தச் சொல்லையும் ‘டி’ என்ற ஒற்றை எழுத்துச் செயல்பாட்டுக்குள் போட வேண்டும். அப்போதுதான் மொழிபெயர்ப்பாளருக்கு அது போய்ச் சேரும். இங்கே போடவில்லை. நான் ‘பக்கம்’ என்பதற்கு ஒன்று, நடுவில் வரும் சொல்லுக்கு ஒன்று என்று துண்டு துண்டாக ‘டி’ போட்டு பேட்ச் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ‘நீட்ஸ் வொர்க்’ (இன்னும் வேலை இருக்கிறது) என்று திரும்பி வந்தது. துண்டாக்கினால் எல்லா மொழிக்கும் ஆங்கில வரிசையே வந்துவிடும், முழு வாக்கியமாகக் கொடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரி. நம் மொழியில் ‘5 பக்கங்களில் 2’ என்றுதான் வரும். மொத்த எண் முன்னால், இருக்கும் இடம் பின்னால். ஆங்கிலத்தில் நேர் எதிர். முழு வாக்கியத்தையும் ஒரே ‘டி’க்குள் வைத்து, எண்கள் வரும் இடத்தில் அடையாளம் மட்டும் வைத்தால், மொழிபெயர்ப்பவர் தன் மொழிக்கு ஏற்ப அந்த அடையாளங்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். அப்படியே மாற்றி, தமிழ் வாக்கியத்தையும் உதாரணமாகப் போட்டு விளக்கம் எழுதினேன். மறுபடி ‘நீட்ஸ் வொர்க்’, இந்த முறை சோதனை (மாற்றம் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் நிரல்) எழுதவில்லை என்று. சோதனை எழுத எனக்கு அப்போது தெரியாது. நாலு மதியம் ஆனது. ஐந்தாம் நாள் ஆர்.டி.பி.சி. என்ற நிலைக்குப் போனது. பிறர் பார்த்துச் சோதித்து ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அன்று சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா மண்டபம் வரை நடந்து போய் வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மாட்யூலைப் பராமரிப்பவரிடமிருந்து தனி மடல். பெல்ஜியத்தில் ஆறு பேர் கொண்ட கம்பெனி அவருடையது. பல மொழித் தளம் ஒன்று கையில் இருக்கிறது, 80 மணி நேர வேலை, செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். இடைவெளியைப் பற்றி ஒரு வரி இல்லை. பேச்சு நடந்த அந்தப் பக்கத்தையே அவர் நேர்காணலாக எடுத்துக்கொண்டார். மணிக்கு 14 டாலரில் தொடங்கினேன்.

ட்ரூபலை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். நான் எந்த ஊர், எந்தக் கல்லூரி, எத்தனை வருடம் வீட்டில் இருந்தேன் என்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. எழுதியது தெரியும், திருத்திக்கொண்டது தெரியும். அது பொதுவில் அப்படியே இருக்கும். கம்பெனி மாறினாலும் கூடவே வரும்.

இப்போது மணிக்கு 24 டாலர் வாங்குகிறேன். மாதம் தொண்ணூறு மணி நேரம் வரை பில் போடுகிறேன், முப்பதே மணி நேரம் வந்த மாதங்களும் உண்டு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைக்காமல் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவு இருப்பதால் வருடா வருடம் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதத்தைப் புதுப்பிக்க வேண்டும், அப்போதுதான் வெளிநாட்டு பில்லுக்கு வரி சேர்க்காமல் அனுப்பலாம். ஒரு வருடம் தேதியை விட்டுவிட்டு ஆடிட்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐரோப்பாவில் காலை ஒன்பது மணிக் கூட்டம் கோடையில் நமக்குப் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. மகளின் பள்ளி நேரத்துக்கு அது ஒத்துவருகிறது. ஒரு வெளிநாட்டு கிளையன்ட் கடைசி பில் 640 டாலரைத் தரவே இல்லை. எட்டு மடல் எழுதினேன். அதிலிருந்து முதல் முறை வருபவர்களிடம் பாதிப் பணம் முன்னால் வாங்கிவிடுகிறேன்.

ட்ரூபல் 7-இன் ஆயுள் முடியும் நாளை மூன்று முறை தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜனவரி 5 என்று முடித்தார்கள். 2011 ஜனவரி 5-இல் வெளியானது. சரியாக 14 வருடம். 2022-லிருந்து அந்த நாள் வரை என் கையில் வேலை ஓயவே இல்லை. எல்லாம் இடம்பெயர்ப்பு வேலை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கனடாவில் இருக்கும் ஈழத்தமிழர் கலை மன்றம் ஒன்று. பல வருடக் கட்டுரைகள், நாடகக் குறிப்புகள், அஞ்சலிகள். மொத்தம் 4,300-க்கு மேல். தளத்தைத் திறந்தால் தமிழ் தெரியும். டேட்டாபேஸைத் திறந்தால் தமிழே இல்லை. பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் தட்டியவை. ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று கிடக்கிறது. அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும்; இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேடினாலும் கிடைக்காது.

மன்றத்தின் பெரியவர் ஒருவர் வீடியோவில் பேசினார். “பிள்ளை, 95-இல் இடம்பெயர்ந்த பிறகு எழுதினதெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. அதுகள் போயிடுமோ?” என்று கேட்டார். போகாது ஐயா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

ட்ரூபலின் மைக்ரேட் அமைப்பு என்னைக் காப்பாற்றியது. பழைய தளத்திலிருந்து ஒவ்வொரு பதிவாக எடுத்து, நடுவில் நாம் எழுதும் ஒரு செயல்முறை வழியாக அனுப்பி, புதிய தளத்தில் வைக்கும். தவறினால் பின்வாங்கி, திருத்தி, மறுபடி ஓட்டலாம். அந்த நடு இடத்தில் பாமினியை, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்கும் செயல்முறையை எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என்று மூன்று துண்டு. மூன்றையும் சேர்த்துப் பிடித்து முதலில் மாற்றாவிட்டால் ‘கெ’ என்று மாறி ஒரு கால் தனியாக நிற்கும். நீளமான சேர்க்கையிலிருந்து தொடங்கிச் சின்னதுக்கு வர வேண்டும். கட்டுரைக்குள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேறு தமிழாகிச் சிதைந்தன. நல்லவேளையாகப் பழைய ஆட்கள் பாமினிப் பத்திகளை எழுத்துருப் பெயர் போட்ட குறிக்குள் வைத்திருந்தார்கள். அந்தக் குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்று, வெளியே இருப்பதைத் தொடாதே என்று எழுதினேன். 17 முறை பின்வாங்கி ஓட்டினேன். கடைசியில் 60 கட்டுரைகள் மட்டும் கையால் திருத்த வேண்டியிருந்தது. அதை மன்றத்துப் பிள்ளைகளே ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்தார்கள்.

தளம் திறந்த அன்று பெரியவர் தேடல் பெட்டியில் தன் ஊர்ப் பெயரைத் தட்டினார். 23 கட்டுரைகள் வந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் பேசவில்லை. எனக்கு அந்த வேலைக்குக் கிடைத்தது 210 மணி நேரக் கூலி.

இனி குறைகள். கற்றுக்கொள்ளச் செங்குத்தான மலை இது. ஆறு மாதம் வரை எதுவும் புரியாது. யாராவது பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தால்தான் விடியும். பழைய கம்போசர் என் 8 ஜி.பி. லேப்டாப்பின் நினைவகத்தை முழுக்க விழுங்கி, பாதியில் நின்றுவிடும். 2020-இல் கம்போசர் 2 வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். உள்ளடக்கம் ஏற்றும் சாதாரண ஊழியருக்கு நிர்வாகப் பக்கம் இன்னமும் மிரட்சி தருகிறது. மாதம் ஒருவராவது ‘சேவ்’ பொத்தானைக் காணோம் என்று போன் செய்கிறார்கள். தமிழ் இடைமுகம் முழுமை பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து இருபது சொற்றொடர்கள் நான் மொழிபெயர்க்கிறேன், ஆள் போதாது. தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாகும் பக்க முகவரியைப் படிக்கவே முடியாது. அதை எப்போதும் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் பல மொழித் தளம் என்று வந்தால், 8-ஆம் பதிப்புக்குப் பின் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இந்த விஷயத்தில் இதற்கு நிகராக எதையும் நான் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. 10 வந்தது 2022 டிசம்பரில், 11 வந்தது 2024 ஆகஸ்டில். 7-லிருந்து 8-க்குப் பட்ட பாடு இப்போது இல்லை. என்ன மாற்ற வேண்டும் என்று அப்கிரேட் ஸ்டேட்டஸ் மாட்யூலே பட்டியல் தந்துவிடும். 2025 ஜனவரி 15-இல் ட்ரூபல் சி.எம்.எஸ். என்று எளிய பதிப்பும் வந்திருக்கிறது. ஒரு பள்ளித் தளத்தை அதில் கட்டிப் பார்த்தேன். முன்பு இரண்டு நாள் எடுத்த ஆரம்ப வேலை ஒரு காலையில் முடிந்தது. இதை ஐந்து வருடம் முன்பே செய்திருந்தால் எங்களை விட்டுப் போன பாதிப் பேர் போயிருக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் ட்ரூபல் விற்கக் கூடாது. போன வருடம் சிந்தாமணியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். 18 வகைப் பலகாரம், உள்ளூர் டெலிவரி. “உங்களுக்கு இது வேண்டாங்கண்ணே, வாட்ஸ்அப் பிசினஸ்ல பட்டியல் போட்டாலே போதும்” என்று நானே அமைத்துக் கொடுத்தேன். பொருள் குறைவாக, ஆள் ஒருவராக இருக்கும் இடத்தில் இதைக் கட்டினால் வருடா வருடம் அவர் தலையில் அப்டேட் செலவு விழும். பல துறை, பல மொழி, பல பேர் ஏற்றுவது, பத்து வருடம் நிற்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ட்ரூபல்.

சித்தி மகனுக்கு வருகிறேன். சென்னையில் ஃப்ரெஷருக்கு ட்ரூபல் வேலை முன்பு போல் இல்லை, குறைந்துவிட்டது. அதை மறைக்காமல் சொன்னேன். பி.எச்.பி.யும் சிம்ஃபொனியும் ஒழுங்காகப் படி, ட்ரூபல் கைவிட்டாலும் அவை கைவிடாது என்றேன். டி.டி.ஈ.வி. என்ற கருவியை நிறுவிக்கொள், உன் கல்லூரி நூலகத்துக்கு ஒரு தளத்தை உன் கணினியிலேயே கட்டிப் பார், அப்புறம் இஷ்யூ க்யூவில் ‘நாவிஸ்’ (புதியவருக்கானது) என்று குறி போட்டவற்றை மட்டும் தேடு, ஒன்றை எடு, மூன்று மாதம் விடாதே என்றேன்.

போன வாரம் ராத்திரி பத்தரைக்குப் போன். குரல் இறங்கியிருந்தது.

“அக்கா, நீட்ஸ் வொர்க்னு போட்டுட்டாங்க.”

“என்ன எழுதியிருக்காங்க, படி.”

படித்தான். சோதனை எழுதவில்லை என்றுதான் இருந்தது. அந்த மாட்யூலிலேயே பழைய சோதனை ஒன்று இருக்கும், அதைத் திறந்து வை, ஸ்கிரீனைப் பகிர் என்றேன். மகள் தூங்கியிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.